மரந் திருத்துந் தொழில்: கருவியும் வாகனமும் பயிலுநரும்

நெற்செய்கையையும் தோட்டச் செய்கையையும் நம்பி வாழுங் கமக்காரர்க்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவான வேலை இருப்பதில்லை. காலபோக அறுவடை மாசி, பங்குனி மாதங்களில் முடிந்துவிடும். குளத்தில் நீர் குறைந்த ஆண்டுகளிற் சிறுபோகம் செய்யப்படும் நிலப்பரப்புஞ் சுருங்கிவிடும். அக்காலங்களில் உழைக்கத்தக்க கைகள் சும்மா இருப்பதுண்டு. இவ்விடைக்காலத்திற் கூலி தரக்கூடிய துணைத் தொழில்களுள் மரந் திருத்தல் ஒன்றாகும். கிணற்றின்மேற் கவிந்த வேம்பு, கூரையைத் தொடும் மாமரம், வயல் வரம்பில் நிழல் விழுத்தும் வாகை, மதிலைத் தள்ளும் புளி என்பன இல்லாத ஊர் இல்லை.

ஆயினும் இத்தொழிலிற் புகுவோர் பலர் சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டுவிடுகின்றனர். சிலர் கடனாளியாகின்றனர், சிலர் மரத்திலிருந்து விழுந்து உடல் ஊனமுறுகின்றனர். இவ்விரண்டிற்கும் பெரும்பாலும் மூலகாரணம் ஒன்றே. வாளும் துணிவும் இருந்தாற் போதும் என எண்ணிக் கணக்கையும் ஒழுங்கையும் பின்னுக்குத் தள்ளுவதே அக்காரணமாம். இத்தொழிலைச் சிறு அளவில், நட்டமும் விபத்துமின்றி நடத்தும் வழிகள் இங்கு விளக்கப்படுகின்றன.

வெட்டுதல் வேறு, திருத்துதல் வேறு

மரத்தை அடியோடு வீழ்த்துபவன் அம்மரத்தினால் ஒரு முறையே கூலி பெறுகின்றான். மரத்தைக் காத்துத் திருத்துபவனோ இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை அதே வளவுக்கு அழைக்கப்படுகின்றான். ஆதலின் மரத்தின் நலமே தொழிலாளியின் நலமுமாகும். மரத்தின் இயல்பை அறிதல் இத்தொழிலின் முதற்பாடம்.

மனிதரின் தோலிற் காயம் பட்டால் அவ்விடத்திற் புதிய சதை வளர்ந்து அது ஆறுகின்றது. மரத்திற் பட்ட காயம் அவ்வாறு ஆறுவதில்லை. அழுகல் உட்பரவாதவாறு மரமானது காயத்தைச் சுற்றி உள்ளே தடுப்புச் சுவர்களை அமைத்து, மேலே புதிய மரத்தையும் பட்டையையும் வளர்த்து அதனை மூடிவிடுகின்றது. அமெரிக்க வன ஆராய்ச்சியாளரான அலெக்ஸ் ஷைகோ என்பார் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து, 1970 ஆம் ஆண்டுகளில் இவ்வுண்மையைத் தெளிவுறுத்தினார். அதற்கு முன்னர், வெட்டுவாயில் தார் பூசுவதும், மரப்பொந்தைச் சுரண்டிச் சீமெந்தினால் நிரப்புவதும் நல்ல மர வைத்தியம் எனக் கருதப்பட்டன. தார் அழுகலைத் தடுப்பதில்லை என்றும், பொந்தைச் சுரண்டும்போது மரம் தானே அமைத்த தடுப்புச் சுவர் உடைந்து அழுகல் மேலும் பரவுகின்றது என்றும் இன்று அறியப்பட்டுள்ளது. வளவுக்காரர் தார் பூசும்படி கேட்பாராயின் இதனை அவர்க்கு அமைதியாக விளக்குதல் வேண்டும்.

கிளை அடிமரத்துடன் சேருமிடத்திற் சிறிது புடைத்த ஒரு வளையம் காணப்படும். மரத்தின் தடுப்பு ஆற்றல் அங்கேயே பெரிதும் அமைந்திருக்கின்றது. ஆதலின் அவ்வளையத்திற்கு வெளியே, அதனைச் சேதப்படுத்தாமற் கிளையை நீக்குதல் வேண்டும். அடிமரத்தோடு ஒட்ட அறுத்தாற் காயம் பெரிதாகும். நீண்ட கட்டையை விட்டால் அது பட்டு, அழுகலுக்கு வழியாகும்.

பாரமான கிளையை ஒரே அறுப்பில் நீக்க முயன்றால், அது பாதியில் முறிந்து அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். இதைத் தவிர்க்க மூன்று அறுப்புகள் தேவை. முதலாவதாக, அடிமரத்திலிருந்து ஏறக்குறைய 30 முதல் 45 சென்ரிமீற்றர் தள்ளி, கிளையின் கீழ்ப்புறமாக அதன் கனத்தில் மூன்றிலொரு பங்குவரை அறுக்க. இரண்டாவதாக, அவ்வறுப்புக்குச் சிறிது வெளியே மேற்புறமாக அறுத்துக் கிளையை வீழ்த்துக. மூன்றாவதாக, எஞ்சிய கட்டையை வளையத்திற்கு வெளியே சீராக அறுத்துவிடுக.

ஒரே ஆண்டில் மரத்தின் பச்சைத் தழையில் நாலிலொரு பங்குக்கு மேல் நீக்குதல் ஆகாது. முதிர்ந்த மரமாயின் இதனினுங் குறைவாகவே நீக்குக. மரத்தின் தலையை மொட்டையாக வெட்டினால், வெட்டுவாயிலிருந்து பல தளிர்கள் நெருங்கி எழும். அவை உறுதியான பிடிப்பின்றி மேற்பட்டையில் ஒட்டி வளர்வன. பருத்தபின் காற்றில் எளிதிற் பிளந்து விழும். மொட்டையடிப்பது அபாயத்தை நீக்குவதன்று. சில ஆண்டுகளுக்குத் தள்ளிவைப்பதேயாகும்.

பனை, தென்னை, கமுகு ஆகியவை இவற்றினின்றும் வேறானவை. இவற்றிற்கு உச்சியில் ஒரே குருத்து உண்டு. அது கெட்டால் மரம் பட்டுவிடும். இவற்றின் தண்டிற் பட்ட காயம் புதிய மரத்தினால் மூடப்படுவதுமில்லை. ஆகவே இரும்பு முள் பொருத்திய காலணியுடன் தென்னையில் ஏறுதலைத் தவிர்க்க. காய்ந்த ஓலைகளையும் பாளைகளையும் நீக்குவதோடு நிற்க. பச்சையோலைகளைக் கழித்தல் விளைவைக் குறைக்கும்.

கருவிகள்

தொடக்கத்திலேயே கடன்பட்டு எல்லாக் கருவிகளையும் வாங்குதல் கூடாது. மனிதரைக் காப்பவை முதலிலும், வேலையை விரைவாக்குபவை பின்னரும் வாங்கப்படல் வேண்டும்.

முதலில் வாங்கத்தக்கன: தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, கையுறை, உறுதியான சப்பாத்து, உடற்பட்டி, ஏறுங் கயிறு, நல்ல கைவாள் ஆகியவை. கொக்கத்தடியும் ஏணியும் பெரும்பாலான வீடுகளில் உள்ளன. அடுத்ததாக, சுமையிறக்குங் கயிறும் கப்பியும் வேண்டும். சங்கிலி வாள் இவற்றின் பின்னரே வருதல் முறை. கூர்மையான கைவாளினாலேயே திருத்தல் வேலைகளிற் பெரும்பங்கைச் செய்யலாம் என்பதை அநுபவத்திற் காணலாம்.

கயிறுகளைக் குறித்து ஒரு விதியை ஒருபோதும் மீறலாகாது. மனிதன் தொங்குங் கயிறு வேறு, மரத்துண்டு இறக்குங் கயிறு வேறு. இரண்டிற்கும் வெவ்வேறு நிறக் கயிறுகளை வாங்கி வெவ்வேறு பைகளில் வைக்க. மாடு கட்டிய தும்புக் கயிற்றையோ, வெயிலிற் கிடந்து வெளுத்த நைலோன் கயிற்றையோ நம்பி மனிதன் ஏறலாகாது. ஒவ்வொரு நாட் காலையிலும் கயிற்றை முழு நீளமுங் கையால் உருவிப் பார்க்க. இழை அறுந்த இடமோ, உருகிய இடமோ, விறைத்த இடமோ காணப்படின் அக்கயிற்றை ஏறுவதற்குப் பயன்படுத்துவதை நிறுத்துக.

மரத்துண்டின் பாரத்தைக் கண்ணளவால் மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுகின்றனர். பல இனங்களின் பச்சை மரம் ஏறக்குறைய அதே பருமனான நீரின் பாரத்தை உடையது. 30 சென்ரிமீற்றர் விட்டமும் 1 மீற்றர் நீளமும் உள்ள துண்டு ஏறக்குறைய 70 கிலோகிராம் இருக்கும். அதே நீளத்தில் விட்டம் 60 சென்ரிமீற்றராயின் பாரம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகி 280 கிலோகிராம் ஆகும். அத்துண்டு சிறிது தூரம் விழுந்து கயிற்றில் நிற்குமாயின், கயிற்றின்மேல் வரும் இழுவை இதனிலும் பன்மடங்காகும். ஆதலாற் சிறு துண்டுகளாக அறுத்து இறக்குதலே நன்று.

சங்கிலி வாளைக் கையாள்வோர் பின்வருவனவற்றை மனத்திற் கொள்க:

1. வாட்டகட்டின் நுனியின் மேற்பாதி மரத்தைத் தொட்டால் வாள் நொடிப்பொழுதில் முகத்தை நோக்கி எகிறும். நுனியால் அறுத்தலைத் தவிர்க்க.

2. தோளுக்கு மேல் உயர்த்தியோ, ஒரு கையாலோ, ஏணியில் நின்றோ சங்கிலி வாளை இயக்கலாகாது.

3. சங்கிலித் தடுப்பு வேலை செய்கின்றதாவென நாள்தோறும் பரிசோதிக்க.

4. பெற்றோலுடன் கலக்கும் எண்ணெயின் அளவு வாளோடு வருங் கைந்நூலிற் கூறப்பட்டவாறே இருத்தல் வேண்டும். 50 க்கு 1 எனக் கூறப்பட்டிருப்பின் 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் எண்ணெய் சேர்க்க.

5. மழுங்கிய சங்கிலி தூளைப் போன்ற மரப்பொடியையும், கூரிய சங்கிலி சிறு சீவல்களையும் உதிர்க்கும். பொடி வரக் கண்டதும் நிறுத்தி அரத்தினாற் கூராக்குக.

வாகனம்

இத்தொழிலுக்கு லொறி இன்றியமையாதது எனப் பலர் கருதுகின்றனர். சொந்த ஊரிலும் அயலூரிலும் வேலை செய்யும் சிறு தொழிலாளிக்கு, கமத்திற்கென முன்னரே வாங்கிய இரு சில்லு உழவு இயந்திரமும் பெட்டியும் போதுமானவை. ஆளும் கருவியும் மோட்டார்ச் சைக்கிளிற் சென்று வேலையை முடித்தபின், தடி தண்டுகளை ஏற்றுதற்கு மட்டும் உழவு இயந்திரத்தைக் கொண்டுவருதல் எரிபொருளை மிச்சப்படுத்தும். மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் தேவைப்படும் லொறியை வாடகைக்குப் பிடித்தலே சிக்கனம். லொறியின் வாடகை மாதந்தோறும் இவ்வளவாகின்றது எனக் குறித்து வருக. அத்தொகை சொந்த வாகனத்தின் மாதச் செலவை ஓராண்டு தொடர்ந்து விஞ்சினாலன்றிச் சொந்த லொறியை நாடவேண்டியதில்லை.

பெட்டியில் ஏற்றும்போது பாரமான துண்டுகளை அடியிலும் அச்சுக்கு அண்மையிலும் வைக்க. தழையைப் பெட்டிக்கு வெளியே தொங்கவிடாமற் கயிற்றினால் இறுகக் கட்டுக. சுமையின்மீது ஆட்களை ஏற்றிச் செல்லுதல் பெரும் அபாயம். கிராமத்துத் தெருக்களில் மாலை வேளையில் உழவு இயந்திரப் பெட்டியின் பின்புறம் தெரியாமையால் நிகழும் விபத்துக்களை யாவரும் அறிவர். ஆதலின் பின்புறத்தில் ஒளிதெறிக்குந் தகடும் சிவப்பு விளக்கும் பொருத்துக. உரிய சாரதி அநுமதிப் பத்திரம், வருமான உத்தரவுப் பத்திரம், காப்புறுதி ஆகியன நடப்பிலிருத்தல் வேண்டும்.

அகற்றிய பொருளை வீணாக்கலாகாது. பூவரசு, வேம்பு, கிளிசரியா, இப்பில்-இப்பில் ஆகியவற்றின் குழை தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நல்ல பசளை. வெங்காயம், மிளகாய், கத்தரி செய்கையாளர் பலர் குழையை விலைகொடுத்து வாங்குவர். தடித்த துண்டுகள் விறகாகும். நேரான கிளைகள் பந்தற்கால்களாகவும் வேலிக் கதியால்களாகவும் பயன்படும். ஆயின், வெட்டிய மரம் யாருக்கு உரியது என்பதை வேலை தொடங்குமுன்னரே வளவுக்காரரோடு பேசி முடிவு செய்க. இத்தொழிலில் எழும் பிணக்குகளிற் பல இதனைப் பற்றியனவே.

ஒரு வேலையை ஆராய்தல்

ஒரு தோட்டக்காணியின் கிணற்றருகே முதிர்ந்த வேம்பொன்று நிற்பதாகக் கொள்வோம். அதன் நிழல் வெங்காயப் பாத்திகளில் விழுகின்றது. இலை கிணற்றில் உதிர்கின்றது. ஒரு கிளை மின்கம்பியை நெருங்குகின்றது. தோட்டக்காரர் மரத்தை அடியோடு வெட்டிவிடும்படி கேட்கின்றார்.

உடனே விலை கூறாது முதலில் மரத்தைச் சுற்றி வந்து நோக்குக. அடியிற் காளான் முளைத்துள்ளதா? பட்டை பிளந்துள்ளதா? வேர்ப்பக்கத்து மண் ஒரு புறம் எழும்பியுள்ளதா? அடிமரத்தைச் சுத்தியலின் பிடியினால் தட்டும்போது வெற்றொலி கேட்கின்றதா? இவ்வறிகுறிகள் காணப்பட்டால் அம்மரத்தில் ஏறுதல் ஆகாது. அத்தகைய மரத்தைக் கையாளும் அநுபவமுள்ளவரை அழைக்க. குளவிக் கூடும் தேனீக் கூடும் உள்ளனவாவென்றும் மேலே நோக்குக.

மரம் உறுதியாயிருப்பின், பாத்தியின் பக்கமாகத் தாழ்ந்த கிளைகளை நீக்கி, எஞ்சிய தழையைச் சிறிது ஐதாக்கினால் காலை வெயில் பாத்திகளுக்குக் கிடைக்கும். கிணற்றின்மேல் நீண்ட இரு கிளைகளை, உட்புறமாக நிற்கும் பக்கக் கிளைவரை குறுக்கலாம். மரம் எஞ்சுவதாற் சோளகக் காற்றுக்கு மறைவும் ஆண்டுதோறுங் குழையும் தோட்டக்காரர்க்குக் கிடைக்கும். இதனை விளக்கிக் கூறினால் பெரும்பாலோர் உடன்படுவர்.

மின்கம்பியை நெருங்கிய கிளையைத் தொழிலாளி தொடலாகாது. கிராமங்களிற் செல்லும் உயரழுத்தக் கம்பிகளில் 33,000 அல்லது 11,000 வோல்ற்று மின் பாய்கின்றது. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்றும் மனிதனைக் கொல்லப் போதுமானது. ஈரக் கிளையும் அலுமினிய ஏணியும் மின்னைக் கடத்தும். மின்சாரப் பகுதிக் காரியாலயத்திற்கு அறிவித்து, மின்னைத் துண்டித்தோம் என அவர்கள் கூறியபின்னரே அப்பக்கத்தில் வேலை தொடங்குக.

மரத்தை வீழ்த்தியே ஆகவேண்டுமாயின், மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துள் வேலையாட்களன்றி வேறெவரும் நிற்கலாகாது. விழும் பக்கத்தில் அடிமர விட்டத்தின் நாலிலொரு பங்கு ஆழத்திற்கு வாய் வெட்டுக. பின் அறுப்பின்போது விட்டத்தின் பத்திலொரு பங்கு அகலமான மரத்தை அறுக்காமல் விடுக. கதவுக்குப் பிணைச்சல்போல் நின்று, மரம் திசைமாறாது சாயச் செய்வது அதுவே. விழுந் திசைக்குப் பின்புறமாகச் சரிவில் இரு தப்பும் வழிகளை முன்னரே துப்புரவாக்கி வைக்க.

பயிலுநர்

தனியொருவன் மரத்தில் ஏறி வேலை செய்தல் ஆகாது. மேலே ஒருவர், கீழே இருவர் என்பதே சிறு தொழிலுக்குத் தகுந்த குழு. கீழே நிற்பவருள் ஒருவராவது மரத்திலேறி மேலிருப்பவரை இறக்கத் தெரிந்தவராயிருத்தல் வேண்டும். மயங்கிய ஒருவர் உடற்பட்டியில் அசையாது தொங்கினால், சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். மரத்திலிருந்து இறக்கும் முறையை அனைவரும் மாதம் ஒருமுறையாவது தாழ்ந்த கிளையிற் பழகி வருக. இலவச அம்புலன்சு சேவையின் தொலைபேசி இலக்கம் 1990 என்பதையும், அருகிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லும் வழியையும் குழுவிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

பயிலுநரைச் சேர்க்கும்போது அவரின் வயதை முதலில் நோக்குக. 18 வயதுக்குட்பட்டோரை இத்தகைய அபாயமான வேலையில் அமர்த்தலாகாது. பாடசாலை விடுமுறையில் தம்பியையோ மருமகனையோ உதவிக்கு அழைத்தலும் இதில் அடங்கும். தேங்காய் பறிப்பதிலும் பனை ஏறுவதிலும் பழகிய இளைஞர் இத்தொழிலுக்குச் சிறந்தவர். அவர்க்கு உயரத்தின்மேல் அச்சமில்லை. ஆயின் தளநாரை நம்பி நேரான பனையில் ஏறும் முறை வேறு, கயிறும் உடற்பட்டியுங் கொண்டு கிளைமரத்தில் ஏறும் முறை வேறு. பழைய பழக்கத்தினாற் பட்டியை அணிய மறுப்பவரை மரத்தில் ஏற்றலாகாது.

பயிற்சியைப் பின்வரும் ஒழுங்கில் அளித்தல் நன்று. முதல் மூன்று மாதங்கள் பயிலுநர் நிலத்திலேயே நிற்பார். தழையை ஒதுக்குதல், கயிற்றைச் சிக்கின்றிச் சுருட்டுதல், கருவிகளைத் துப்புரவாக்குதல், வழிப்போக்கரைத் தடுத்து நிறுத்துதல் என்பன அவர் பணிகள். சுமை வந்தால் நழுவாததும், சுமை நீங்கியபின் எளிதில் அவிழ்க்கத்தக்கதுமான நான்கைந்து முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடுமளவுக்கு அக்காலத்திற் பழகுவார். பின்னர்த் தாழ்ந்த மரங்களில் ஏறிக் கைவாளைப் பயன்படுத்துவார். அதன்பின் நிலத்திற் கிடக்கும் துண்டுகளைச் சங்கிலி வாளால் அறுக்கப் பழகுவார். மரத்தின்மேற் சங்கிலி வாள் கொண்டுசெல்லுதல் எல்லாவற்றிற்கும் இறுதியானது; அதற்கு இரண்டாண்டு சென்றாலுந் தாழ்வில்லை.

மேலிருப்பவரும் கீழிருப்பவரும் பேசுஞ் சொற்கள் சிலவாயும் உறுதியாயும் இருக்கட்டும். “நில்”, “விடு”, “இறக்கு”, “சரி” என்னும் நான்கே போதும். கீழிருந்து “சரி” என்னும் மறுமொழி வருமுன் ஒரு சுள்ளியையும் வெட்டி விடலாகாது. “நில்” என்று பயிலுநர் கூவினாலும் தலைவர் உடனே நிறுத்துதல் வேண்டும். கீழே ஒரு குழந்தை ஓடிவருவதை முதலிற் காண்பவர் பெரும்பாலும் பயிலுநரே. அவர் சொல்லத் தயங்கினால் அது தலைவரின் குற்றமேயாகும்.

பயிலுநருக்குச் சோறும் தேநீருங் கொடுத்தாற் போதும் என்னும் எண்ணம் தவறானது. வேலையின் தன்மை, நாட்கூலி, கூலி உயருங் காலம் ஆகியவற்றை எழுதி இருவருங் கையொப்பமிடுக. தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்டக் காரியாலயத்தில், பயிலுநரைப் பதிவு செய்யும் முறையையும் தொழிற் சான்றிதழ் பெறும் வழியையும் விசாரித்தறியலாம். சான்றிதழ் பெற்றவன் வேறிடஞ் சென்றுவிடுவானே என அஞ்சவேண்டியதில்லை. நன்கு பழக்கப்பட்டுச் சென்றவன் ஊரில் இத்தொழிலின் பெயரை உயர்த்துவான். தொழிலுக்கு நற்பெயர் உண்டானால் எல்லோர்க்கும் வேலை பெருகும்.

கட்டணத்தைக் கணக்கிடுதல்

கையில் வந்த காசெல்லாம் வருமானம் அன்று. கருவி தேய்கின்றது, கயிறு முதிர்கின்றது, மழைநாளில் வேலையில்லை. இவற்றையெல்லாம் நாட்செலவிற் சேர்த்தல் வேண்டும். பின்வரும் தொகைகள் முறையை விளக்குதற் பொருட்டே தரப்படுகின்றன. தத்தம் ஊர் விலைகளை இட்டுக் கணக்கிடுக.

கருவிகளின் மொத்த விலை 360,000 ரூபா எனவும், அவை சராசரியாக நான்காண்டு உழைக்குமெனவுங் கொள்க. ஆண்டுத் தேய்வு 90,000 ரூபா. கமவேலை போக ஆண்டுக்கு 120 நாள் இத்தொழில் நடக்குமாயின் நாளொன்றுக்குத் தேய்வு 750 ரூபா. வாகனத்தின் தேய்வு, திருத்தம், காப்புறுதி ஆகியவற்றில் இத்தொழிலுக்குரிய பங்கு ஆண்டுக்கு 96,000 ரூபாவாயின் நாளொன்றுக்கு 800 ரூபா. எரிபொருளும் எண்ணெயும் 2,500 ரூபா. தலைவர்க்கு 4,500, கூலியாளுக்கு 3,500, பயிலுநருக்கு 2,000 எனக் கூலி 10,000 ரூபா. உணவும் தேநீரும் 1,000 ரூபா. கூலியாள், பயிலுநர் ஆகியோரின் பொருட்டு ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 வீதமும் செலுத்துதற்கு 825 ரூபா. விபத்துக் காப்புறுதிக்கும் எதிர்பாராத செலவுக்கும் 1,600 ரூபா. கூட்டுத்தொகை 17,475 ரூபா.

எரிபொருள், கூலி, உணவு ஆகியவற்றை மட்டும் எண்ணுபவர்க்குச் செலவு 13,500 ரூபாவாகவே தோன்றும். அவர் 14,000 ரூபாவுக்கு வேலையை ஏற்று, 500 ரூபா மிஞ்சியதென மகிழ்வார். உண்மையில் அன்று அவர் 3,475 ரூபா இழந்துள்ளார். அவ்விழப்பு அன்று தெரிவதில்லை. நான்காம் ஆண்டில் வாள் பழுதாகி, புதியது வாங்கக் கையிற் பணமில்லாதபோதே தெரியவரும். அப்பொழுது நகையை அடகுவைப்போரும், அறுந்த கயிற்றை முடிந்து மீண்டும் ஏறுவோரும் உளர். விலையைத் தாழ்த்திக் கூறுதலே பல விபத்துக்களின் தொடக்கம் எனக் கூறின் அது மிகையன்று.

தேய்வுக்குரிய பணத்தை வேலை முடிந்த அன்றே பிரித்துத் தனிச் சேமிப்புக் கணக்கில் இடுக. ஒரு கொப்பியில் நாள், இடம், மரம், செய்த வேலை, பெற்ற பணம், செலவு ஆகியவற்றை எழுதி வைக்க. கமத்தின் கணக்கோடு இதனைக் கலக்கலாகாது. கலந்தால் எது எதைத் தாங்குகின்றது என்பது தெரியாமற்போம்.

சட்டங்களும் அநுமதியும்

1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அநுமதியின்றி வெட்டுதல் குற்றமாகும். அவை சொந்த வளவில் நின்றாலும் அவ்வாறே. அநுமதிக்குக் கிராம அலுவலர் மூலமாகப் பிரதேச செயலகத்தை நாடுக. குளக்கட்டிலும் வாய்க்காற்கரையிலும் தெருவோரத்திலும் நிற்கும் மரங்கள், அயலார் எவரேனும் பணந் தந்தாலும், உரிய காரியாலயத்தின் எழுத்துமூல அநுமதியின்றித் தொடத்தக்கனவல்ல. வெட்டுமரத்தை வாகனத்தில் ஏற்றிச் செல்லுதற்கும் பல இனங்களுக்கு உத்தரவுப் பத்திரம் தேவை. சங்கிலி வாளை வாங்குமுன் அதனைப் பதிவு செய்யும் முறையைப் பொலிசு நிலையத்தில் விசாரித்துக்கொள்க. தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிவு செய்துகொண்டால் வங்கிக் கணக்குத் திறத்தற்கும், பாடசாலை, கோயில் முதலியவற்றின் வேலைகளைப் பெறுதற்கும் உதவியாகும்.

வேலையின்போது காயமுற்ற தொழிலாளிக்கு நட்டஈடு செலுத்தும் பொறுப்பு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி வேலைகொள்பவரைச் சாரும். அவர் உறவினராயிருந்தாலும் பொறுப்பு நீங்குவதில்லை. ஆதலின் காப்புறுதியின்றி ஒரு நாளேனும் வேலை நடத்தலாகாது.

காலமறிந்து செய்தல்

வாடைக் காற்றும் மழையும் ஐப்பசியிற் தொடங்குமுன், ஆடி முதற் புரட்டாசி வரையுள்ள காலத்தில் வீட்டோரத்து மரங்களைப் பார்வையிட்டுத் திருத்துதல் நன்று. 1978 ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்துச் சூறாவளி மட்டக்களப்புப் பகுதியிற் தென்னைகளையும் பெருமரங்களையும் வீழ்த்தியதை அப்பகுதி முதியோர் இன்றும் மறந்திலர். அத்தகைய காற்றில் எம்மரமும் நிற்குமென எவரும் உறுதி கூறல் இயலாது. ஆயினும் பட்ட கிளைகளும் பிளந்த கவர்களும் முன்னரே நீக்கப்பட்ட மரத்தால் விளையும் சேதம் குறையும். மாமரத்தைக் காய் பறித்து முடிந்தவுடன் திருத்துக. மழையிலும் பலத்த காற்றிலும் இடிமின்னலிலும் மரத்தில் ஏறலாகாது. அன்று வேலையை ஒத்திவைத்தமையால் இழக்கும் கூலியை மறுநாட் பெறலாம்.

புதிதாகத் தொடங்குவோர் முதலாண்டிற் தாழ்ந்த மரங்களையும், விழுந்தாற் சேதமேற்படாத இடங்களையும் மட்டும் ஏற்றுக்கொள்க. தம் ஆற்றலுக்கு மேற்பட்ட வேலையை “இது எம்மால் இயலாது” எனக் கூறி அநுபவமுள்ளவரிடம் அனுப்புதல் இழிவன்று. அவ்வாறு கூறத் தெரிந்தவரையே ஊரார் அடுத்த முறை நம்பி அழைப்பர். காலையிற் சென்ற மூவரும் மாலையில் முழு உடலோடு வீடு திரும்பினரா, வெட்டுப்பட்ட மரம் அடுத்த மழைக்குத் தளிர்த்ததா, கொப்பியில் மீதி காணப்படுகின்றதா என்னும் மூன்று வினாக்களுக்கும் ஆம் என விடை கூறக்கூடிய தொழிலே நிலைத்து நிற்கும்.